பாயின்ட் சேர்த்து சிங்கப்பூர் போக நினைத்த கதை: ரிவார்ட்ஸ் கார்டா, கேஷ்பேக் கார்டா?

இரண்டு வருடம் ஒரு ரிவார்ட்ஸ் கிரெடிட் கார்டை வைத்திருந்ததில் கட்டணங்களாக என் கையை விட்டுப் போனது ஏறக்குறைய 9,600 ரூபாய். பாயின்டாகச் சேர்ந்து கடைசியில் பணமாகத் திரும்பி வந்தது 2,803 ரூபாய். பாயின்ட் கிடைத்த இதே செலவை ஆண்டுக் கட்டணமே இல்லாத, எல்லாவற்றுக்கும் வெறும் 1 சதவீதம் தரும் சாதாரண கேஷ்பேக் கார்டில் செய்திருந்தால் 4,950 ரூபாய் தானாகவே பில்லில் கழிந்திருக்கும். அப்புறம் அந்தக் கார்டை மூடுவதற்குள் நான் பட்ட பாடு தனிக் கதை. இந்தக் கணக்கெல்லாம் கார்டு வாங்கும்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் சொல்லாமல் விட்டதில் ஆச்சரியம் இல்லை, விற்பதுதான் அவர் வேலை. ஆனால் கார்டு வைத்திருக்கும் சொந்தக்காரர்கள், கூட வேலை செய்பவர்கள் என்று எத்தனை பேர் இருந்தார்கள்! ஒருவரும் தன் பாயின்டுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பார்த்ததே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் ரூபாய்க் கணக்கோடு எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திருச்சியில். தங்கை சிங்கப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறாள். அம்மாவை ஒரு தடவை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. இங்கிருந்தே நேரடி விமானம் இருக்கிறது, டிக்கெட் விலைதான் தள்ளிப்போட வைத்துக்கொண்டிருந்தது. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலிருந்து ஒரு தம்பி அலுவலகத்துக்கு வந்தபோது பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவிட்டேன். அவர் பிடித்துக்கொண்டார். “மேடம், நீங்க எப்படியும் பண்ணப்போற செலவுதான். 150 ரூபாய்க்கு 4 பாயின்ட். ரெண்டு வருஷத்துல அம்மா டிக்கெட் பாயின்ட்லயே வந்துடும்.” ஆண்டுக் கட்டணம் 2,999, ஜிஎஸ்டி 18 சதவீதத்தோடு 3,539. சேர்ந்ததும் 2,000 பாயின்ட் இலவசம், அதிலேயே கட்டணத்தில் பாதிக்கு மேல் வந்துவிடும் என்றார். வருடத்துக்கு 4 லட்சம் செலவு செய்தால் அடுத்த வருடக் கட்டணமும் கிடையாது. ஒரு பாயின்ட் என்றால் எத்தனை ரூபாய் என்று நான் கேட்டேன். “ஒரு ரூபா வரைக்கும் வரும் மேடம்” என்றார். அந்த ‘வரைக்கும்’ என்ற சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. ஒரு ரூபாய் மதிப்பு என்பது அந்த வங்கி பட்டியலிட்டிருந்த ஓரிரண்டு பிராண்டுகளின் பரிசுக் கூப்பனுக்கு, அதுவும் அவ்வப்போது வரும் சலுகையில் மட்டும். விமான டிக்கெட்டுக்கு 50 பைசா. பணமாக வேண்டுமென்றால் 20 பைசா. ஒரே பாயின்டுக்கு மூன்று விலை.

கார்டு விற்க வருபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “10,000 பாயின்ட் இருந்தால் என் பில்லில் எத்தனை ரூபாய் குறையும்?” ரூபாயில் பதில் வராவிட்டால், வங்கியின் இணையதளத்தில் எம்ஐடிசி என்று ஒரு ஆவணம் இருக்கும், மிக முக்கியமான விதிமுறைகள் என்று பொருள். கட்டணம், வட்டியெல்லாம் அதில் இருக்கும். பாயின்டின் விலை பெரும்பாலும் அதில்கூட இருக்காது, ரிவார்ட்ஸ் விதிமுறைகள் என்று வேறொரு பக்கத்தில் போட்டிருப்பார்கள். இரண்டையும் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

முதல் வருடம் முழுக்க எல்லாவற்றையும் அந்தக் கார்டிலேயே தேய்த்தேன். மளிகை, பெட்ரோல், மருந்து, பிள்ளைகளின் ஸ்கூல் பை, தீபாவளித் துணி, போன் ரீசார்ஜ், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கரண்ட் பில், எல்லாம். வீட்டு வாடகை 14,000 ரூபாயைக்கூட ஒரு செயலி வழியாகக் கார்டில் கட்டினேன். அதற்கு அந்தச் செயலி 1 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடித்தது, மாதம் 165 ரூபாய். 4 லட்சத்தைத் தொட்டால் 3,539 மிச்சம் என்பதால் அது நஷ்டமாகத் தெரியவில்லை. நடுவில் வங்கியும் வாடகைக்கு 1 சதவீதம் கட்டணம் வைத்தது, அது மாதம் 330 ஆனது. இன்னும் கொஞ்சம்தானே, வருடம் முடியட்டும் என்று இழுத்தேன். அந்த வகையில் மட்டும் 2,500 ரூபாய் போயிருக்கும். (இப்போது இந்த ஆசைக்குப் பெரும்பாலும் இடமில்லை. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, இணையத்தில் பணம் வாங்கிக் கொடுக்கும் இடைநிலை நிறுவனங்களுக்கான விதிகளை இறுக்கியபின் பல செயலிகள் கார்டில் வாடகை கட்டும் வசதியையே நிறுத்திவிட்டன.)

வருட முடிவில் ஸ்டேட்மென்டுகளைக் கூட்டினால் 4 லட்சத்து 42 ஆயிரம். சந்தோஷமாக இருந்தேன். அடுத்த ஸ்டேட்மென்டில் இரண்டாம் வருடக் கட்டணம் 3,539 வந்து உட்கார்ந்திருக்கிறது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், வாடகையும் பெட்ரோலும் ‘தகுதியுள்ள செலவு’ இல்லையாம். அவற்றுக்கு பாயின்டும் இல்லை, 4 லட்சக் கணக்கிலும் சேராது. தகுதியுள்ளது 2 லட்சத்து 40 ஆயிரம்தான். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் வீட்டில் சமையலறைப் பாத்திரங்களுக்குத்தான் தெரியும்.

இங்கே எல்லாருக்கும் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது. ரிவார்ட்ஸோ கேஷ்பேக்கோ, எந்தக் கார்டிலும் ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. பெட்ரோல், வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது, அரசுக்குக் கட்டும் தொகை, ஈஎம்ஐயாக மாற்றிய செலவு, இவற்றுக்குப் பெரும்பாலான கார்டுகளில் எதுவும் கிடைக்காது. இன்சூரன்ஸ், கரண்ட் பில், பள்ளிக் கட்டணம், நகை, இவை வங்கிக்கு வங்கி மாறும். பெட்ரோலுக்கு ‘1 சதவீத சர்சார்ஜ் தள்ளுபடி’ என்று போட்டிருப்பதை லாபம் என்று எண்ணிவிடாதீர்கள். கார்டு தேய்த்ததற்காக உங்களிடம் பிடித்த கூடுதல் தொகையைத்தான் திருப்பித் தருகிறார்கள், அதன் மேல் பிடித்த ஜிஎஸ்டி திரும்ப வராது. இன்னொன்று, நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பது வங்கிக்குத் தெரியாது. அந்தக் கடை எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்ற எண்தான் தெரியும். எங்கள் தெரு முனையில் ஒரு மளிகைக் கடையின் மெஷின் வேறு ஏதோ வகையில் பதிவாகியிருந்ததால் அங்கே தேய்த்த எதற்கும் பாயின்ட் ஏறவே இல்லை.

150 ரூபாய்க்கு 4 பாயின்ட் என்பதிலும் ஒரு சின்ன ஓட்டை. ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாக 150ஆல் வகுத்து மீதியை விட்டுவிடுவார்கள். 140 ரூபாய்க்குக் காய்கறி வாங்கினால் ஒரு பாயின்டும் கிடையாது. 299 ரூபாய்க்கு வாங்கினாலும் 4 பாயின்ட்தான். சில்லறை சில்லறையாகச் செலவு செய்யும் குடும்பத்துக்கு இதில் கணிசமாக அடிபடும். முதல் வருடம் கணக்குப்படி 6,400 பாயின்ட் வர வேண்டிய இடத்தில் எனக்கு 6,100தான் வந்தது.

இரண்டாம் வருடம் வாடகையை வழக்கம்போல வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டு, மற்றதைக் கார்டில் தொடர்ந்தேன். கட்டணம்தான் கட்டியாகிவிட்டதே, பாயின்டையாவது சேர்ப்போம் என்ற எண்ணம். அது 6,500 சேர்த்தது, சேர்ந்தபோது கொடுத்த 2,000 வேறு. மொத்தம் 14,600. டிக்கெட்டுக்கு 50 பைசா என்றால் 7,300 ரூபாய். அம்மா டிக்கெட்டே வராவிட்டாலும் ஒரு நல்ல பங்கு வருமே என்று மே மாத விடுமுறைக்குப் பார்க்கத் தொடங்கினேன். வங்கியின் ரிவார்ட்ஸ் பக்கத்தைத் திறந்துபார்த்தால் பாயின்ட் மதிப்பு 30 பைசா என்று காட்டுகிறது. ஏதோ தவறு என்று நினைத்துப் பழைய மெயில்களைத் தேடினேன். விளம்பர மெயில்களுக்கு நடுவே, ‘உங்கள் பயண அனுபவத்தை மேம்படுத்துகிறோம்’ என்ற தலைப்பில் ஒன்று இருந்தது. நாலாவது பத்தியில் 50 பைசா 30 ஆகிறது என்ற செய்தி. மேம்பாடு என்று இதற்குப் பெயர் வைத்தவரை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும்.

சரி, 30 பைசா என்றாலும் 4,380 ரூபாய் இருக்கிறதே என்று மேலே போனேன். வங்கியின் பயணத் தளத்தில்தான் டிக்கெட் போட வேண்டும். அதே நாள், அதே விமானம், விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்ததைவிட ஆளுக்கு 1,300 ரூபாய் அதிகம். அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து 2,600. டிக்கெட் போட்டுத் தருவதற்கென்று தளம் தனியாகப் பிடிக்கும் கன்வீனியன்ஸ் கட்டணத்தை இதில் சேர்க்கவில்லை. பாயின்டில் பாதிக் கட்டணம் வரைதான் கட்ட முடியும், மீதியைக் கார்டில் போட வேண்டும். பேப்பரில் எழுதிப் பார்த்தேன். 4,380இலிருந்து 2,600 போனால் எனக்கு உண்மையில் மிச்சம் 1,780. இரண்டு வருடம் சேர்த்த 14,600 பாயின்டுக்கு, பாயின்ட் ஒன்றுக்குப் பன்னிரண்டு பைசா! இதைவிட அந்த 20 பைசாப் பணமே மேல் என்று அதை எடுத்தேன். 2,920 வந்தது. அதிலும் ரிடீம் செய்ய, அதாவது பாயின்டைப் பணமாக மாற்ற, 99 ரூபாய் கட்டணம், ஜிஎஸ்டியோடு 117. ஆக 2,803. தகுதியுள்ள செலவாகவே கிட்டத்தட்ட 5 லட்சம் ரூபாய் தேய்த்ததற்கு அரை சதவீதத்துக்கு ஒரு நூல் மேலே. டிக்கெட்டை விமான நிறுவனத்தின் தளத்திலேயே காசு கொடுத்து வாங்கிவிட்டோம்.

விலையைக் குறைப்பது வங்கியின் உரிமையா என்று கேட்டால், பாயின்டின் விலை நம்மோடு போட்ட ஒப்பந்தத்தில் அவர்கள் கையில்தான் இருக்கிறது. கட்டணங்களை மாற்றும்போது ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், நமக்குப் பாதகமாக இருந்தால் கூடுதல் கட்டணம் இல்லாமல் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அது கட்டணத்துக்கு. சேர்த்துவைத்த பாயின்டின் மதிப்புக்கு அப்படி ஒரு காவல் இல்லை. அதனால் ரிவார்ட்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் பாயின்டைப் பெரிதாகச் சேர்த்துவைக்காதீர்கள். தேவைக்கு வந்ததும் எடுத்துச் செலவழித்துவிடுங்கள். பல கார்டுகளில் இரண்டு மூன்று வருடத்தில் பாயின்ட் காலாவதியும் ஆகிவிடும்.

பணத்தை எடுத்த கையோடு கார்டை மூட முடிவு செய்தேன். மூன்றாம் வருடக் கட்டணம் விழுவதற்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. எல்லா பாக்கியையும் கட்டி நிலுவை பூஜ்யம் என்று பார்த்துக்கொண்டுதான் போன் செய்தேன். கஸ்டமர் கேர் மெனுவில் புதுக் கார்டு வாங்க எண் உண்டு, லிமிட் கூட்ட எண் உண்டு, கார்டை மூட எண் இல்லை. ஒரு வழியாக ஆள் கிடைத்து, கோரிக்கையைப் பதிவு செய்கிறேன் என்றார். மறுநாள் வேறொருவர் அழைத்தார். “உங்களை மாதிரி கஸ்டமரை இழக்க விரும்பல மேடம், இந்த வருஷக் கட்டணத்துக்குப் பதிலா பாயின்ட் தர்றோம்.” வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் இன்னொருவர், அதே பேச்சு. ஒவ்வொரு அழைப்பிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க ‘லைனில் காத்திருக்கவும்’ இசையோடு போனது. கடைசியில் ஸ்டேட்மென்ட் வந்தது, அதில் 3,539. மூடச் சொல்லிவிட்டேனே என்றால், மூடும் கோரிக்கையே பதிவாகவில்லை என்றார்கள். இப்போது பதிவு செய்யுங்கள் என்றால், நிலுவை இருப்பதால் மூட முடியாதாம்.

இந்த இடத்தில் பலர் கட்டித் தொலைப்போம் என்று கட்டிவிடுவார்கள். நான் கட்டவில்லை. அது சரியா தவறா என்று இப்போதும் எனக்குள் வாதம் உண்டு, ஏனென்றால் அதன் விலை வேறு இடத்தில் விழுந்தது. தாமதக் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி, வட்டி என்று தொகை வளர்ந்தது. அதே நேரத்தில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க இருந்தோம். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் 50க்கு மேல் இறங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ரிப்போர்ட்டை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. தூக்கம் போனது 3,539 ரூபாய்க்காக இல்லை. தர வேண்டாத பணத்துக்காக, கடன் கட்டாதவள் என்று ஒரு பதிவு என் பேரில் நிற்கிறதே என்றுதான்.

அப்போதுதான் விதிகளைத் தேடிப் படித்தேன். கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு பற்றி ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் ஒரு வழிகாட்டு உத்தரவு போட்டது. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். மூடாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்கு வங்கி தர வேண்டும். மூடும் கோரிக்கையை ஹெல்ப்லைன், மெயில், இணையதளத்தில் கண்ணில் படும் இணைப்பு, செயலி என்று பல வழிகளில் வாங்க வேண்டும். தபாலில் மட்டும் அனுப்புங்கள் என்று தாமதத்துக்கு வழி செய்யும் முறைகளை வற்புறுத்தக் கூடாது. கெடு தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், சிபில் போன்ற நிறுவனங்களுக்கும் தெரிவிக்கலாம். இவையெல்லாம் முதல் நாளே எனக்குத் தெரிந்திருந்தால் போனில் பேசிக்கொண்டே இருந்திருக்க மாட்டேன், முதல் வேலையாக மெயில் அனுப்பியிருப்பேன். போனில் சொன்னதற்கு என்னிடம் இருந்த ஆதாரம் அழைப்புப் பட்டியல் மட்டும்தான். மெயிலில் சொன்னால் தேதியோடு நிற்கும்.

அதற்குப் பிறகு நான் செய்தது இது. நிலுவை பூஜ்யமாக இருந்த ஸ்டேட்மென்ட், அழைப்புப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட், பிறகு வந்த கட்டண ஸ்டேட்மென்ட், மூன்றையும் இணைத்து வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில். அழைப்புகளின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பாருங்கள் என்றும் எழுதினேன், அவர்களே பதிவு செய்வதாகத்தானே ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்ற பதிலைத் தவிர எதுவும் வரவில்லை. முப்பது நாள் ஆனதும் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனுக்கு இணையத்தில் புகார் போட்டேன். சிஎம்எஸ் என்ற அவர்களின் புகார்த் தளத்தில் போடலாம், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. சந்தேகம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் செய்து, பதில் வராமலோ திருப்தி இல்லாமலோ இருந்தால்தான் அங்கே எடுப்பார்கள், நேராகப் போனால் தள்ளிவிடுவார்கள். புகார் பதிவான பிறகு வங்கியிலிருந்து வந்த முதல் அழைப்பில் குரலே மாறியிருந்தது. ஆண்டுக் கட்டணம், தாமதக் கட்டணம், வட்டி எல்லாவற்றையும் திருப்பினார்கள், கார்டை மூடினார்கள். தாமதத்துக்கும் ஒரு தொகை வரவு வைத்தார்கள். அவர்கள் நாள் எண்ணத் தொடங்கியது என் முதல் அழைப்பிலிருந்து இல்லை, மெயிலிலிருந்து. அதையும் எதிர்த்துப் போராட எனக்குத் தெம்பு இல்லை, விட்டுவிட்டேன். சிபில் பதிவைத் திருத்தும்படி தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கார்டு மூடப்பட்டது, பாக்கி இல்லை என்ற கடிதத்தை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது கடன் தகவலைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால் மாற்றம் முன்பைவிடச் சீக்கிரம் தெரியும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திலும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம், அதை எடுத்துப் பாருங்கள்.

அடுத்த கார்டை நான் விளம்பரம் பார்த்து எடுக்கவில்லை, பழைய ஸ்டேட்மென்டுகளைப் பார்த்து எடுத்தேன். ஒரு வருட ஸ்டேட்மென்டை வைத்துக்கொண்டு மஞ்சள் மார்க்கரில் இணையச் செலவையும், பச்சையில் கடைச் செலவையும், விலக்குப் பட்டியலில் வருவதைச் சிவப்பிலும் கோடு போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். மிச்சமிருக்கும் மஞ்சளுக்கும் பச்சைக்கும் எந்தக் கார்டு எத்தனை ரூபாய் தரும் என்று போட்டு, ஜிஎஸ்டியோடு ஆண்டுக் கட்டணத்தைக் கழித்தால் பதில் வந்துவிடும். எங்கள் குடும்பத்துக்குக் கேஷ்பேக்தான் என்பதில் சந்தேகமே இல்லாமல் போனது. வருடத்தில் ஒரு தடவைகூட விமானம் ஏறாதவர்களுக்கு ரிவார்ட்ஸ் கார்டின் பெரிய பலன்கள் எட்டாத இடத்தில் இருக்கின்றன. விமான நிலைய லவுஞ்ச் இலவசம் என்பார்கள், அதையும் இப்போது பல வங்கிகள் காலாண்டில் இவ்வளவு செலவு செய்தால்தான் என்று கட்டிப்போட்டுவிட்டன.

ஆனால் கேஷ்பேக் என்று அட்டையில் எழுதியிருப்பதெல்லாம் ஒன்றில்லை. சிலவற்றில் மாதாமாதம் பில்லிலேயே கழிந்துவிடும், நாம் எதுவும் செய்ய வேண்டாம். இதுதான் அசல். சிலவற்றில் ஒரு செயலியின் வாலட்டுக்குள் வரும். உதாரணமாக அமேசான் பே ஐசிஐசிஐ கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை. அமேசானில் வாங்கினால் பிரைம் உறுப்பினர்களுக்கு 5 சதவீதம், மற்றவர்களுக்கு 3 சதவீதம். ஆனால் அது வருவது அமேசான் பே இருப்பாக. அங்கேயே வாங்குபவர்களுக்கு அது பணம்தான், அங்கே வாங்காதவர்களுக்கு இல்லை. மூன்றாவது வகை, ‘கேஷ்பேக் பாயின்ட்’ என்று கொடுத்து, நாமே உள்ளே போய் மாற்றிக்கொள்ளச் சொல்வது. அது பெயர் மாற்றிய ரிவார்ட்ஸ் கார்டுதான், மறந்தால் போயிற்று. அப்புறம் 5 சதவீதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் மாதத்துக்கு அதிகபட்சம் எத்தனை ரூபாய் என்று சின்ன எழுத்தில் தேடுங்கள். உச்சவரம்பைத் தாண்டியபின் அந்தக் கார்டில் தேய்ப்பதும் தேய்க்காததும் ஒன்றுதான். பொருளைத் திருப்பி அனுப்பினால் வந்த கேஷ்பேக்கும் திரும்பப் போய்விடும்.

ரிவார்ட்ஸ் கார்டு யாருக்குமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் அலுவலகத்தில் விற்பனைப் பிரிவில் இருக்கும் ஒருவர் மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். டிக்கெட், ஓட்டல் எல்லாம் சொந்தக் கார்டில் போட்டு அலுவலகத்தில் திரும்ப வாங்கிக்கொள்வார். அவர் பாயின்டை வங்கித் தளத்தில் மாற்றுவதே இல்லை. விமான நிறுவனத்தின் மைல்களாக, அதாவது அந்த நிறுவனமே டிக்கெட்டுக்கு ஏற்கும் புள்ளிகளாக மாற்றி, சீசன் இல்லாத நாளில் டிக்கெட் எடுப்பார். ஒரு பாயின்டுக்கு ஒரு ரூபாய்க்கு மேலேயே எடுத்துவிடுவதாகச் சொல்வார், கணக்கும் காட்டினார். அவருக்கு அது பொழுதுபோக்கு மாதிரி, எந்த மாற்றம் எப்போது வருகிறது என்று அவ்வளவு கவனமாகப் பார்க்கிறார். எனக்கு அந்தப் பொறுமையும் இல்லை, அந்தப் பயணமும் இல்லை.

எந்தக் கார்டாக இருந்தாலும் முழுப் பில்லையும் கட்ட முடியாத மாதம் வந்தால் இந்தப் பேச்சு முழுக்க அர்த்தமில்லாமல் போய்விடும். மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 20,000 ரூபாய்க்கு 700, அதன் மேல் ஜிஎஸ்டி 126, ஆக 826. அதே 20,000க்கு ஒன்றரை சதவீதக் கேஷ்பேக் 300. பில்லில் 19,000 கட்டி 1,000 மட்டும் பாக்கி வைத்தாலும், வட்டியில்லாக் கால அவகாசம் போய்விடும். மிச்சமிருக்கும் 1,000க்கு மட்டும் வட்டி என்று நினைக்க வேண்டாம், பணம் கட்டிய நாள் வரைக்கும் முழுத்தொகைக்கும் பொருள் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். மினிமம் டியூ என்று பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். அப்படி அடிக்கடி பாக்கி வைக்க வேண்டியிருக்கிறது என்றால் கேஷ்பேக்கா ரிவார்ட்ஸா என்று யோசிக்காமல் டெபிட் கார்டிலோ யுபிஐயிலோ செலவு செய்வதுதான் நல்லது.

கடைவீதியில் இன்னொரு தொல்லை. பாத்திரக்கடை, போன் கடை, எலெக்ட்ரிக்கல் சாமான் கடை என்று பல இடங்களில் “கார்டுனா 2 பர்சென்ட் எக்ஸ்ட்ரா” என்பார்கள். 1 சதவீதம் வாங்குவதற்கு 2 சதவீதம் கொடுக்கும் வேலை வேண்டாம், அங்கே யுபிஐதான். பெரிய கடை வீதியில் ஒரு குக்கருக்கு விலை பேசி முடித்தபின் கார்டை எடுத்ததும் கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து நானே கார்டை உள்ளே வைத்துவிட்டேன். ரொக்கத்துக்கு இன்னும் 50 ரூபாய் குறைத்தார்.

இப்போது என்னிடம் இரண்டு கார்டு. இணையச் செலவுக்கு ஒரு கேஷ்பேக் கார்டு, பில்லில் நேராகக் கழிவது. இன்னொன்று கட்டணமில்லாத ரூபே கிரெடிட் கார்டு, அதை யுபிஐயில் இணைத்திருக்கிறேன். 2022இல் வந்த வசதி இது, கடையில் இருக்கும் கியூஆரை ஸ்கேன் செய்தால் கிரெடிட் கார்டிலிருந்தே போகும். 2 சதவீதம் கூடுதல் என்ற பேச்சு சின்னக் கடைகளில் இதற்கு வருவதில்லை. கேஷ்பேக் குறைவுதான், ஆனால் மளிகை, மருந்து என்று முன்பு எதுவுமே வராத இடங்களில் ஏதோ வருகிறது. இதிலும் எவ்வளவு தொகைக்கு மேல் வாங்கினால்தான் கேஷ்பேக், மாதத்துக்கு எவ்வளவு வரை என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், கார்டுக்குக் கார்டு வித்தியாசம் அதிகம். வணிகராகப் பதிவான கியூஆருக்குத்தான் கிரெடிட் கார்டு ஓடும், தனி ஆளின் கணக்குக்கு அனுப்ப முடியாது. எங்கள் தெருவில் பூ விற்கும் அக்கா மாட்டியிருப்பது அவர் மகனின் சொந்தக் கணக்குக் கியூஆர். அங்கே ஸ்கேன் செய்தால் கிரெடிட் கார்டை ஏற்காது, வங்கிக் கணக்கை மாற்றித் தேர்ந்தெடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.